தம்பிக்கு வேணுமாம்

என் அக்காவைத் தையல் கடையில் ஒரு தரம் பார்த்தால் போதும், அவளைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும். ஓர் அம்மாள் வந்து பச்சைத் துணியை மேசையில் விரித்து, "இதுல முழங்கை வரைக்கும் கை வச்சா நல்லா இருக்குமா?" என்று கேட்பார். அக்கா துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். பிறகு பின்னால் திரும்பாமலேயே, "தம்பி சொல்றான், இது முதல் தண்ணியிலேயே சுருங்குமாம். நனைச்சுக் காய வச்சுத்தான் வெட்டணுமாம்," என்பாள்.

தம்பி என்பது என் அண்ணன். அவன் பின்பக்கம் மிஷினுக்கு அருகே, உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடி ஏதோ ஒரு கழுத்துப்பட்டியின் மேல் குனிந்திருப்பான். அந்த நிலைமையில் எந்த மனிதனாலும் எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அம்மாள் அவனை மரியாதையோடு எட்டிப் பார்த்து, "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போவார். அண்ணன் ஊசியை எடுத்துத் துணியில் குத்துவான். அவ்வளவுதான் அவன் பங்கு.

நாங்கள் மூன்று பேர். அக்கா, அவளுக்கு அடுத்து அண்ணன், கடைசியில் நான். தையல் கடைக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கம் உள்ள மருந்துக் கடையில் எனக்கு வேலை. நான் நிற்கும் இடத்திலிருந்து நிமிர்ந்தால் முதல் மாடியில் தையல் கடையின் சன்னல் தெரியும்; சன்னலில் அக்காவின் தலை தெரியும். எனக்கு வாய் அதிகம் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆகாமல் என்ன செய்யும்? எனக்குப் பசித்தால் நான்தான் கத்த வேண்டும். அண்ணனுக்கு அந்தத் தொல்லை இருந்ததே இல்லை.

அண்ணன் பிறந்த அன்று அம்மா அக்காவைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாளாம்: "இனிமே நீ பெரியவ. அது வேணும் இது வேணும்னு கேட்கக் கூடாது. தம்பிக்கு என்ன வேணும்னு பார்த்துக்கணும்." அம்மா இதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அப்போது பால் பற்கள்கூட விழத் தொடங்கவில்லை. கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், அன்று சாயந்திரமே வேலையைத் தொடங்கிவிட்டாள். "தம்பிக்குப் பசிக்குதாம்." தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே தம்பியின் பெயரில்தான் நடந்தது. தம்பிக்கு வெளியே போகணுமாம். தம்பிக்கு விளக்கை அணைக்கக் கூடாதாம், பயமாம். தம்பிக்கு அந்தச் சிவப்புக் குடைதான் பிடிச்சிருக்காம். அவன் வளர்ந்தான், நடந்தான், ஓடினான். பேசவில்லை. அம்மா பயந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர், "உன் பேர் என்ன?" என்று அவனைக் கேட்டார். அக்கா சொன்னாள். "வயித்து வலி இருக்கா?" என்று கேட்டார். அதற்கும் அக்கா சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டு, "பையனுக்கு ஒரு குறையும் இல்ல. முதல்ல இந்தப் பெரிய மனுஷியை வெளியே உட்கார வைங்க," என்றாராம். வெளியே உட்கார வைத்த பிறகும் அவன் பேசவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எனக்கு நினைவிருக்கும் முதல் காட்சி ஒரு பொருட்காட்சி. நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பெரிய ராட்டினம், விளக்குகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அப்பாவின் கையை இழுத்தாள். "தம்பிக்கு ராட்டினம் ஏறணுமாம். தனியா ஏறப் பயமாம். நான் கூட வரணுமாம்." அப்பா சீட்டு வாங்கிக் கொடுத்தார். அவர்கள் மேலே போனார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது அக்கா வாயெல்லாம் பல்லாக இருந்தாள். அண்ணன் கம்பியைக் கட்டிப் பிடித்துக் கண்ணை இறுக மூடியிருந்தான். இறங்கியதும் நேராக அப்பாவின் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தான். அக்கா தன் பாவாடையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தம்பிக்கு இன்னொரு தடவை போகணுமாம்!" அப்பா அவனைப் பார்த்து, "அப்படியாடா?" என்றார். வெளுத்த முகத்தோடு அவன் தலையை ஆட்டினான். மறுபடி ஏறினார்கள். எனக்கும் ஏற ஆசைதான். என்னை யாரும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி. கடைசி வரைக்கும் கணக்கு அப்படியேதான் இருந்தது.

இந்த ராட்டினக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்கள் அக்கா எப்பேர்ப்பட்ட சர்வாதிகாரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைத்திருந்தேன்.

தையலும் அப்படி வந்ததுதான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்காவுக்கு வீட்டு வேலை சரியாக இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் விற்க இருந்தது. "தம்பிக்குத் தைக்கக் கத்துக்கணுமாம்," என்றாள் அக்கா. அப்பா ஆச்சரியப்பட்டார், ஆனால் வாங்கிக் கொடுத்தார். பகலெல்லாம் அக்கா அதில் பழைய தலையணை உறைகளைத் தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்தாள். சாயந்திரம் அண்ணன் வந்ததும் அவனை உட்கார வைத்துத் தான் கண்டுபிடித்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவனோ உண்மையாகவே அதில் விழுந்துவிட்டான். பாபின் உருளையில் நூல் சுற்றும் சத்தம் கேட்டாலே அவன் முகம் மாறிவிடும். அக்காவின் கை வேகமான கை. அண்ணனின் கை பொறுமையான கை. கொஞ்ச நாளில் அவளைத் தாண்டிப் போய்விட்டான்.

பிறகு அக்காவுக்கு வரன் வந்தது. நல்ல இடம், நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா கேட்டுவிட்டு, "நான் போயிட்டா தம்பி தவிச்சுப் போயிடுவானாம்," என்றாள். அண்ணன் அறையின் மூலையில் நின்றிருந்தான். உறவுக்காரர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. தடிப்பயல், அக்காவின் வாழ்க்கைக்கு முட்டுக்கட்டையாக நிற்கிறானே என்று வாய்விட்டே சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பழியை வாங்கிக்கொண்டான். கடைசியில் அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் மட்டும் செய்துகொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அம்மா அப்பாவின் காலத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் வீட்டை விட்டுக் கடைக்கும், கடையை விட்டு வீட்டுக்குமாக வாழ்ந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச காலமாக அக்கா என் மருந்துக் கடைக்கு வந்து, "தம்பிக்கு முட்டி வலியாம், மாத்திரை குடு," என்று வாங்கிப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு முட்டியில் மாட்டும் உறை கேட்டாள். அண்ணனின் கால் அளவுக்குப் பெரியதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தாள். "சின்னதா குடு. தம்பிக்குக் கால் மெலிஞ்சு போச்சு." எனக்கு அண்ணன் மேல் கோபம்தான் வந்தது. மாடிக்கு ஏறிப் போய் அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். "எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தா முட்டி என்னத்துக்கு ஆகும்? காலையில எழுந்து நடன்னு எத்தனை தடவை சொல்றது?" அவன் குண்டூசி வாயோடு, சரி சரி என்று தலையாட்டினான். நான் இறங்கிப் போகும்போது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தும் காட்டினான். எந்தக் கால் என்பதில் மட்டும் அவனுக்குக் குழப்பம் இருந்தது. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து குலுங்கும். எங்களுக்குள் அவர் பெயரே சாவிக்கொத்துதான். நல்ல மனிதர். பக்கத்து அறையில் இருக்கும் ஆயத்த உடைக் கடைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் இடம் கேட்கிறார்களாம். "நீங்க இருக்கிறதா இருந்தா நான் அவங்களுக்குத் தர மாட்டேன். உங்க முடிவு என்னன்னு சொல்லிட்டா போதும்," என்றார். நான் அப்போது ஒரு பொத்தான் தைத்துத் தரச் சொல்லி அங்கே நின்றிருந்தேன்.

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மெல்லச் சுருட்டினாள். "தம்பி சொல்றான், போதுமாம். முட்டி வலிக்குதாம், மாடிப்படி ஏற முடியலையாம். கடையை விட்டுடலாம்னு சொல்றான்."

கத்தரிக்கோலின் சத்தம் நின்றது. அண்ணன் வெட்டிக்கொண்டிருந்த துணியின் நடுவே கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி இருந்தது. அவன் முகத்தை நான் பார்த்தேன். அடி வாங்கிய பிள்ளையின் முகம். சாவிக்கொத்து, "யோசிச்சுச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை வர்றேன்," என்று போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் படி இறங்குவதற்குள் அக்காவின் முன்னால் போய் நின்றேன். "அவன் வாயை நீ என்ன வாடகைக்கு எடுத்திருக்கியா?"

"அவன் மனசு எனக்குத் தெரியும்டி. நீ நேத்துப் பிறந்தவ," என்றாள் அக்கா. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அடுத்த நாள் அண்ணனைப் படிக்கட்டில் மடக்கினேன். "உண்மையைச் சொல்லு. கடையை விடணும்னு நீ சொன்னியா?"

"அக்கா சொன்னா சொன்னதுதான்."

"அவ சொன்னது இருக்கட்டும். உனக்கு என்ன வேணும்?"

புரியாத பாஷையில் எதையோ கேட்டுவிட்டது போல அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஒரு கோட்டு பாதியில நிக்குது. அதுக்குக் கை வைக்கணும்."

"அது முடிஞ்ச பிறகு?"

"அடுத்தது."

அவனுக்கு வேறொன்றும் இல்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வாய்விட்டுப் பேச நண்பன் இல்லை. அந்த மிஷின், அந்தச் சன்னல் வெளிச்சம், பாதியில் நிற்கும் ஒரு கோட்டு. அதையும் அவள் ஒரே வாக்கியத்தில் மூடப் பார்க்கிறாள்.

"அப்போ வாயைத் திறந்து சொல்லேன் அண்ணா!"

"சொன்னா அக்கா சொன்னது பொய்யாயிடும்," என்றான் அவன். "வெளியாள் முன்னாடி அவளை எப்படிப் பொய்க்காரி ஆக்குறது?"

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் என் கடையில் சொல்லிவிட்டு முன்னதாகவே மாடிக்குப் போய்விட்டேன். அவன் பேசாவிட்டால் நான் பேசுவது என்று முடிவு. மனசுக்குள் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் அக்காவுக்குச் சுருக்கென்று தைக்கும்படி. அக்கா மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள், ஒரு கையை மேசையில் ஊன்றியபடி. அண்ணன் அந்தக் கோட்டின் கையை உடம்போடு வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தான். படியில் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்றார் அவர்.

அக்கா ஆரம்பித்தாள். "அன்னைக்குச் சொன்னதுதான். தம்பிக்கு இனிமே…"

"எனக்கு முட்டி வலி இல்ல."

யார் பேசியது என்று நாங்கள் மூவருமே ஒரு கணம் தேடினோம். அண்ணன் எழுந்து நின்றிருந்தான். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தி முடித்திருந்தான்.

"வலி அக்காவுக்கு," என்றான். அவன் குரல் பழக்கமில்லாமல் கொஞ்சம் கரகரத்தது. "ரெண்டு முட்டியும் போயிடுச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுறா. நான் முன்னாடி போற மாதிரி போய்த் திரும்பிப் பார்க்காம நிக்கிறேன், அவ வந்து சேரட்டும்னு. அவளுக்குப் போதும்னு ஆயிடுச்சு. வீட்டுல கால் நீட்டி உட்காரணும்னு இருக்கு. அதைச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அதனால நான் சொல்றேன். அக்கா நாளையிலிருந்து வர மாட்டா. கடை இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்."

"டேய்!" அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "நான் எப்போடா அப்படிச் சொன்னேன்?"

"நான் மட்டும் எப்போ சொன்னேன், நீ இவ்வளவு காலமா சொன்னதெல்லாம்?"

சாவிக்கொத்து என்னைப் பார்த்தார். தயார் செய்து வைத்திருந்த நாலு வாக்கியமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்கு எப்பவும் அவ்வளவா பசிக்காது அக்கா," என்றான் அண்ணன், இன்னும் மெதுவாக. "இருட்டுன்னா பயமும் கிடையாது. அந்தச் சிவப்புக் குடை எனக்கு வெட்கமா இருந்தது. அந்த ராட்டினம்… ஐயோ, அதைப் பார்த்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வரும்."

அக்கா மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா அப்போவே சொல்லல? அப்பா கேட்டாரே உன்னை. மண்டையை மண்டையை ஆட்டினியே!"

"இல்லன்னு சொல்லியிருந்தா உன்னை ஏற விட்டிருக்க மாட்டாங்களே," என்றான் அவன்.

தெருவில் ஏதோ வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு போயிற்று. எனக்கு அந்தப் பொருட்காட்சி முழுவதும் கண் முன்னால் திரும்பி வந்தது. அப்பாவின் தோளிலிருந்து நான் பார்த்த அதே ராட்டினம், ஆனால் இப்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்த அக்காவைப் பார்த்தேன். வேண்டும் என்று கேட்கத் தடை போடப்பட்ட ஒரு சின்னப் பெண், தன் ஆசையையெல்லாம் தூங்குகிற குழந்தையின் வாயில் வைத்துக் கேட்டிருக்கிறாள். அவனும் பேச்சு வராத வயதிலேயே அதைப் புரிந்துகொண்டு, அவளுக்காக வாயைத் தந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வரன் வந்தபோது வாங்கிக்கொண்ட பழியும் அதில் சேர்த்தி. அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை; அதைச் சொல்ல அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்.

அக்கா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலி. அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "செருப்பெல்லாம் வாந்தி எடுத்தியேடா, பாவி," என்றாள். அண்ணனும் சிரித்தான். எனக்கு இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு பேரின் தலையிலும் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. சாவிக்கொத்து மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, "அப்போ கடை இருக்குது, அப்படித்தானே?" என்றார். "இருக்கு," என்றான் அண்ணன்.

கடை இருக்கிறது. அண்ணன் தனியாகப் பார்த்துக்கொள்கிறான், சிரமப்பட்டுத்தான் பார்த்துக்கொள்கிறான். துணி சுருங்குமா என்று யாராவது கேட்டால் வெகுநேரம் யோசித்துவிட்டு "சுருங்கும்" என்கிறான். அதோடு சரி. போன வாரம் அந்தப் பச்சைத் துணி அம்மாள் என்னிடம் வந்து கவலைப்பட்டார். "உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம்மா? முன்னெல்லாம் எவ்வளவு விவரமா எடுத்துச் சொல்வார், இப்போ பேச்சே குறைஞ்சு போச்சே!" வயசாகிறதல்லவா என்று பூசி மெழுகி அனுப்பினேன்.

நேற்று அக்கா என் கடைக்கு வந்தாள். வீட்டில் இருந்து கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். எனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவள் முறை வந்ததும், "முட்டி வலி மாத்திரை குடு," என்றாள்.

மருந்துக் கடையில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். இருந்தாலும் வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கக் கேட்டேன். "யாருக்கு?"

அவள் வாய் பழக்கத்தில் "தம்…" வரைக்கும் போய்விட்டது. நிறுத்தினாள். என்னை முறைத்தாள். "எனக்குத்தாண்டி. எனக்கு! போதுமா?"

மாத்திரையைக் கையில் வாங்கியவள் போகவில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நின்றாள். கூட்டம் குறைந்ததும் மறுபடி கிட்டே வந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள் என்றாள். தெரியும் என்றேன். ராட்டினம் வந்திருக்கிறது என்றாள்.

"அதுல படி கிடையாதாம், அப்படியே ஏறி உட்கார்ந்துக்கலாமாம். விசாரிச்சுட்டேன்." கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "எனக்கு ராட்டினம் ஏறணும். தம்பி வேண்டாம், பாவம், அவனுக்கு அது ஆகாது. நீ வர்றியா?"

குடும்பத்திலேயே வாய் அதிகம் என்று பெயர் வாங்கியவள் நான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.